கிழவி வாயில் சிவப்புக் கோடு

ஜூலை 2, செவ்வாய்

ரொட்டிக் கடையில் இன்றும் காசு வாங்கவில்லை. நாணயத்தை மேசையில் வைத்தேன். கடைக்காரி ஒற்றை விரலால் அதை என் பக்கமே தள்ளிவிட்டாள். "அஞ்சு உசிரைக் காப்பாத்தினவகிட்ட ரொட்டிக்குக் காசு வாங்கினேன்னு தெரிஞ்சா, எங்க வீட்டுக்காரர் என்னைக் கடைக்கு வெளிய நிறுத்திடுவாரு" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், ஒருவர் கைகூடத் தட்டினார். செருப்பைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

போன வியாழக்கிழமை நடந்தது இது. எங்கள் தீவின் சான் ஜொவான் குதிரைத் திருவிழா முடிந்து மூன்றாம் நாள், ஊரே அசதியில் கிடந்தது. நான் ஐந்து சுற்றுலாப் பயணிகளைக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகுகளில் கூட்டிக்கொண்டு தெற்குக் கரைப் பாறைச் சுவருக்கு அடியில் இருக்கும் குகைக்குப் போனேன். பல்லில்லாத பொக்கை மாதிரி வாய் குட்டை, உள்ளே மண்டபம். அதனால் கிழவி வாய் என்று பெயர். நாங்கள் உள்ளே இருக்கும்போது ரிஸ்ஸாகா வந்துவிட்டது. காற்றும் இல்லாமல் அலையும் இல்லாமல் கடல் ஒன்றரை முழம் ஏறும், பிறகு அதே அளவு இறங்கும், பிறகு மறுபடி ஏறும். ஏறியபோது குகை வாய் மூடிக்கொண்டது. நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டோம். எல்லோரும் உயிரோடு வந்தோம்.

என் கணவன் பியெல் காலைச் சாப்பாட்டின்போது செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கிற பழக்கமுள்ளவன். கடலில் லாப்ஸ்டர் இறால் பிடிக்கிறவனுக்குப் பகலெல்லாம் பேச ஆள் கிடையாது. இன்றும் வாசித்தான்: "வழிகாட்டி கொலோமா சற்றும் பதறாமல், தன் பையிலிருந்த லிப்ஸ்டிக்கால் பாறையில் கோடு போட்டு, நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணித்து, ஒவ்வொரு கயாக்காக வெளியே அனுப்பிவிட்டுக் கடைசியாக வந்தார்."

லிப்ஸ்டிக் என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தினான். "ம்" என்றான். பிறகு பக்கத்தைத் திருப்பிக் குதிரை விற்பனை விளம்பரம் வாசித்தான்.

ஜூலை 3, புதன்

நோஃப்ரே தொடங்கிவிட்டான். கயாக் கம்பெனி அவனுடையது, நான் அவனிடம் சம்பளத்துக்கு இருக்கிறேன், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பதால் முதலாளி என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் பாதி நாள் இருப்பதில்லை. கடற்கரைக் கொட்டகையில் என் படத்தை ஆள் உயரத்துக்கு ஒட்டியிருக்கிறான். கீழே: கொலோமாவுடன் கிழவி வாய்க்குள்.

"நோஃப்ரே, நான் கொஞ்ச நாள் பாறை வளைவு வரைக்கும் மட்டும் போறேனே. குகை வேணாம்."

"அம்மா தாயே, மத்த வழிகாட்டிங்களோட வளைவுக்குப் போக ஆள் இருக்கு. உன்கூடக் குகைக்குப் போகத்தான் ஆகஸ்ட் வரைக்கும் வரிசை நிக்குது."

போனேன். உள்ளே போய் வெளியே வந்தேன். மதியம் சாப்பிடவில்லை.

ஜூலை 6, சனி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டாவது உண்மையை வைத்திருக்கட்டும்.

அன்று காலை ஏழு ஐம்பதுக்குப் போனில் வானிலை நிலையத்தின் எச்சரிக்கை வந்தது. ரிஸ்ஸாகா, ஆரஞ்சு. ஒரு கோடையில் பத்து முறை வரும், ஒன்பது முறை ஒன்றும் நடக்காது. எங்கள் ஊரான சியுதாதெல்லாவில் பிறந்தவர்களுக்கு ரிஸ்ஸாகா என்றால் துறைமுகம்தான். அந்த ஒடுக்கமான துறைமுகத்தில்தான் தண்ணீர் வடிந்து படகுகள் சேற்றில் உட்காரும், திரும்பி வந்து கட்டு அறுத்துக்கொண்டு போகும். ஆகவே எச்சரிக்கை வந்தால் காரை மேட்டுக்கு ஏற்றுவோம், படகுக்கு இரண்டாவது கயிறு போடுவோம், பிறகு துண்டை எடுத்துக்கொண்டு தெற்குக் கடற்கரைக்குக் குளிக்கப் போவோம். நான் பார்த்து வளர்ந்தது அதுதான். எட்டு மணிக்குப் பியெலுக்குப் போன் பண்ணி, "படகுக்கு இன்னொரு கயிறு போடு" என்றேன். எட்டேகாலுக்கு ஐந்து பேருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டேன்.

படகுக்குக் கயிறு போடச் சொன்னவள் நான். மனிதர்களைக் குகைக்குள் கூட்டிப்போனவளும் நான்தான்.

ஒரு டச்சுக் குடும்பம், அப்பா அம்மா வளர்ந்த மகன்கள் இருவர், இரண்டு கயாக்கில். தனியாக வந்தவர் ஓரோசியா. கடலே இல்லாத ஹூவெஸ்கா நகரத்தில் ரொட்டி சுடுகிறவர், அறுபத்தொரு வயது, நீச்சல் அரைகுறை. அதனால் என் கயாக்கின் முன் இருக்கையில் உட்கார்த்தினேன்.

குனிந்து உள்ளே போய் நடு மண்டபத்தில் நின்றோம். வழக்கம்போல நீல வெளிச்சம், வழக்கம்போல எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பிறகு வெளிச்சம் பச்சையானது. பிறகு இல்லாமலே போனது. வாய் இருந்த இடத்தில் தண்ணீர் பாறையைத் தொட்டுக்கொண்டு நின்றது. எங்கள் கடலில் ஏற்ற இறக்கம் என்று பார்த்தால் ஒரு சாண்கூட இருக்காது, அந்தத் தைரியத்தில்தான் பிழைப்பே நடக்கிறது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் உறைந்துவிட்டேன். கை துடுப்பின் மேல் இருந்தது, அதை அசைக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் டச்சுக்காரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், இரண்டு முறை, மூன்று முறை.

ஓரோசியா திரும்பி என் ஜாக்கெட்டிலிருந்து டார்ச்சை உருவிக்கொண்டார். "பொண்ணே, மூச்சு விடு" என்றார் மெல்ல. தண்ணீர் இறங்கத் தொடங்கியது, வாய் திறந்தது. கிழவிக்குப் பல் உண்டு என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தண்ணீர் கடைசிவரை இறங்கியதும் வாசலில் கூரான கற்கள் வரிசையாக நின்றன, எந்தக் கயாக்கும் தாண்ட முடியாது. மறுபடி ஏற்றம். தண்ணீர் ஏறி இறங்கிய முழுச் சுற்றையும் ஓரோசியா பார்த்தார். இடுப்புப் பையிலிருந்து லிப்ஸ்டிக்கை எடுத்துப் பாறையில் ஒரு கோடு இழுத்தார்.

"மாவு ஜாடியில ரப்பர் பேண்ட் போடுவோமே, எவ்வளவு பொங்கிருக்குன்னு பாக்க, அது மாதிரிதான். தண்ணி இறங்கி இந்தக் கோட்டுக்கு வர்றப்போ வாய் திறந்திருக்கு, பல்லும் இன்னும் முங்கிக் கிடக்கு. நாப்பது எண்ணுற நேரம். அதுக்குள்ள ஒரு படகு போயிடலாம். அவங்க பாஷை எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

சொன்னேன். அவர் என் காதில் சொல்லச் சொல்ல நான் கத்தினேன். "இப்போ!" முதல் கயாக். அடுத்த இறக்கத்தில் இரண்டாவது. "நாம கடைசி" என்று முடிவு செய்ததும் அவர்தான். எங்கள் முறை வந்தபோது துடுப்புப் போட்டதும் அவரே, அன்று காலைதான் வாழ்க்கையில் முதல்முறை துடுப்பைத் தொட்டவர். என் துடுப்பு என் மடியில் கிடந்தது. டச்சுக்காரர்களுக்கு இருட்டில் கேட்டது என் குரல் மட்டும். அதனால் அவர்கள் அழுதுகொண்டு என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

ஓரோசியா மறுநாள் காலை விமானத்தில் போய்விட்டார். மதியம் நிருபர் வந்தான். "லிப்ஸ்டிக் உங்களுடையதா?" என்று கேட்டான். பக்கத்தில் நோஃப்ரே தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு தலையாட்டல்.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று எழுதியதைக் கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை. வலைக் கொட்டகையில் பழைய மிதவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 15, திங்கள்

ஒரு நாளைக்கு இரண்டு முறை உள்ளே போகிறேன், இரண்டு முறை அதே கதையைச் சொல்கிறேன். எந்த இடத்தில் மூச்சை இழுப்பார்கள், எந்த இடத்தில் ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று மனப்பாடமாகிவிட்டது. அந்த இடங்களில் தானாகவே நிறுத்துகிறேன். எவ்வளவு கேவலம். கோடு இன்னும் இருக்கிறது. டார்ச் அடித்துக் காட்டுகிறேன். எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.

கதை சொல்லும் நேரம் முழுக்க என் கண் வாசலில்தான் இருக்கிறது. வெளிச்சம் நீலமா, பச்சையா? நீலம். இன்னும் நீலம். சட்டைக்குள் வியர்வை ஓடுகிறது, அவர்கள் கடல்நீர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வெளியே வந்தால் நிம்மதி கிடைக்கும் என்றுதானே இருக்க வேண்டும்? வெளியே வந்தால் கரையில் என் ஆள் உயரப் படம் நிற்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

பியெலின் படகுக்காரச் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். லாப்ஸ்டர் குழம்பு, ஜின்னில் எலுமிச்சைச் சாறு. மூன்றாவது கோப்பையில் ஒருவன் கேட்டான்: "கொலோ, உண்மையைச் சொல்லு, அந்த நேரத்துல கோடு போடணும்னு எப்படித் தோணிச்சு? நானா இருந்தா அங்கயே ஒன்னுக்குப் போயிருப்பேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பியெல் எழுந்தான். "குழம்பு ஆறுது. உன் வீர பராக்கிரமத்தை அப்புறம் கேட்டுக்கலாம், தட்டை நீட்டு."

ஏன் குறுக்கே வந்தான்? என்ன தெரியும் இவனுக்கு? பாத்திரம் கழுவும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் லாப்ஸ்டர் ஓட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்த முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஓரோசியாவிடமிருந்து போனில் குரல் செய்தி. கொட்டகைக்குப் பின்னால் போய்க் கேட்டேன்.

"மகளே, நான்தான் ஓரோசியா. பக்கத்து வீட்டுப் பொண்ணு கம்ப்யூட்டர்ல உங்க ஊர் பத்திரிகையைக் காட்டினா. நல்லாத்தான் எழுதிருக்காங்க. என் லிப்ஸ்டிக்குக்கு இப்படி ஒரு யோகம் வரும்னு தெரிஞ்சிருந்தா விலை கூடினதா வாங்கிருப்பேன். அதெல்லாம் எனக்குப் பெருசில்ல, நீ வச்சுக்கோ. செப்டம்பர் கடைசில வர்றேன், டிக்கெட் போட்டாச்சு. அந்தக் குகைக்குள்ள இன்னொரு தரம் போகணும். உன்னை நம்பித்தான் வர்றேன். அன்னிக்கு நடந்ததுக்கு யாரைச் சொல்ல முடியும், கடல் என்ன சொல்லிட்டா வருது?"

ஆகஸ்ட் 2, வெள்ளி

சொல்லிவிட்டுத்தான் வந்தது. காலை ஏழு ஐம்பதுக்கு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோடு மங்கிவிட்டது. ஆயிரம் பேர் விரலால் தொட்டுப் பார்த்தால் மங்காமல் என்ன செய்யும். சீக்கிரம் அழிந்து தொலையட்டும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று வெறும் பழுப்புத் தடம்.

இன்று காலை நோஃப்ரே என் கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தான். புது லிப்ஸ்டிக். ரத்தச் சிவப்பு.

"எதுக்கு இது?"

"கோட்டைக் காணோம்னு ரெண்டு பேர் குறை சொல்லிட்டாங்க. ஆளுங்களை ஏத்துறதுக்கு முன்னாடி போய் ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்துடு. கொஞ்சம் மேல ஏத்திப் போடு, படத்துல தலையும் கோடும் சேந்து விழணும்."

"அது இருந்த உயரம் முக்கியம் நோஃப்ரே."

"முக்கியம்னா யாருக்கு? நீ என்ன இன்னொரு தரமா மாட்டிக்கப் போறே?" சிரித்தான். பிறகு, "மாட்டினாலும் என்ன, நமக்குத்தான் கோடு இருக்கே" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான் என்று நினைத்தேன். இல்லை. பக்கத்துக் கம்பெனிக்காரனிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்: மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, எது வந்தாலும் நாங்க நிறுத்துறதில்ல, எங்ககிட்ட கோடு இருக்கு.

தனியாக உள்ளே போய் வரைந்தேன். அவன் சொன்ன உயரத்தில். முதல் இழுப்பில் கோடு வளைந்துவிட்டது, இரண்டாவது முறை அதன்மேலேயே இழுத்துத் தடிமனாக்கினேன். தண்ணீர் இறங்கி அந்தக் கோட்டுக்கு வரும்போது வாய் இன்னும் மூடியே கிடக்கும். அதை நம்பி எவனாவது கிளம்பினால் பாறையில்தான் போய் முட்டுவான்.

தெரிந்தேதான் வரைந்தேன். ஏண்டி வரைஞ்சே? சொல்லு. சொல்ல வாய் இருக்கா உனக்கு?

ஆகஸ்ட் 15, வியாழன்

மூச்சு முட்டுகிறது. வீட்டிலும். கதவைத் திறந்துவைத்துக் குளித்தேன். பியெல் கூடத்து ஜன்னலையும் திறந்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலை ஏழு நாற்பதுக்கு எச்சரிக்கை. ரிஸ்ஸாகா, ஆரஞ்சு. வானம் மஞ்சள் கலந்த சாம்பல் நிறத்தில், காற்றே இல்லாமல், கசகசவென்று. பியெலுக்குப் போன் பண்ணினேன். "கயிறா? போட்டாச்சு" என்றான். கொஞ்ச நேரம் வைக்காமல் இருந்தான். பிறகு வைத்துவிட்டான்.

கரையில் எட்டுப் பேர் தயாராக நின்றார்கள்.

"எச்சரிக்கை வந்திருக்கு நோஃப்ரே."

"துறைமுகத்துக்குத்தானே? எங்க அண்ணன் காரை மேட்டுல ஏத்திட்டான். நீ முகத்தைத் தொங்கப் போடாம கிளம்பு. எட்டு பேரும் குகைக்குன்னே வந்திருக்காங்க."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். என் ஆள் உயரப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் உண்மை. துடுப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன், எட்டுப் பேரும் வாத்துக் குஞ்சுகள்போலப் பின்னால் வந்தார்கள். பாறைச் சுவரை ஒட்டி அரை மணி நேரம். ஒவ்வொரு முனை தாண்டும்போதும் அடுத்த முனையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கிழவி வாய் வந்துவிட்டது.

வாசலுக்குக் குறுக்கே என் கயாக்கை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"இன்று உள்ளே போகப்போவதில்லை" என்றேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன். அன்றும் இதே எச்சரிக்கை வந்தது, எனக்குத் தெரியும், இருந்தும் கூட்டிப்போனேன். உள்ளே போய் உறைந்துபோனேன். கோடு போட்டது வேறொருவர், வெளியே கொண்டுவந்தது அவர். கரையில் ஒட்டியிருக்கும் படம் மட்டும் என்னுடையது. இப்போது உள்ளே இருக்கும் கோடு நான் பதினொரு நாளைக்கு முன்னால் வரைந்தது, அது இருக்கிற உயரமும் பொய்.

தண்ணீர் கயாக்குகளின் வயிற்றில் தட்டுகிற சத்தம் மட்டும். ஒருவன் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டான். ஒரு வயதான பிரெஞ்சுக்காரர் கயாக்கைத் திருப்பிக்கொண்டு கரைப் பக்கம் போகத் தொடங்கினார். மஞ்சள் தொப்பி போட்ட பெண் ஒருத்தி, "சரி, புரிகிறது. ஆனால் இன்றைக்குக் கடல் அமைதியாகத்தானே இருக்கிறது, ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். நகரவில்லை.

கடல் அன்று முழுக்க அசையவில்லை. தெற்கிலும் இல்லை, துறைமுகத்திலும் இல்லை, ஒரு விரல்கூட ஏறவில்லை. சாயங்காலம் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். ஏறித் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

நோஃப்ரே கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான். "என்கிட்ட முன்னாடியே சொல்லிருக்கலாமே கொலோ. நானும் உன்னை நம்பித்தானே ஊரெல்லாம் சொன்னேன்" என்றான். பிறகு, "நாளைக்கு வர வேணாம்" என்றான். என் படத்தை அவனே கிழித்தான். ஓரம் கிழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் சுரண்டினான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நேற்றே பியெலிடம் சொல்லிவிட்டேன், அதை எழுதத்தான் தெம்பு இருக்கவில்லை.

சமையலறையில் நின்றுகொண்டு முதலிலிருந்து சொன்னேன். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டான். முடித்ததும், "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"கல்யாணத்துக்கு எங்கம்மா லிப்ஸ்டிக் வாங்கிக் கொடுத்தாங்க. வாயில சாயம் பூசிக்கிட்டு என்னால சாப்பிட முடியாதுன்னு கோயில் வாசல்லயே திருப்பிக் கொடுத்தவ நீ. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள லிப்ஸ்டிக் வந்ததே இல்ல."

"அப்புறம் ஏண்டா இத்தனை நாள் கேக்கல?"

"கேட்டிருந்தா என்னோடதுதான்னு சொல்லிருப்பே. அப்புறம் எங்கிட்டயும் நீ அந்தப் பொய்யைக் காப்பாத்தணும். ஊருக்கு முன்னாடி நடிக்கிறது போதாதா, வீட்டுலயுமா?"

அழுதேன். வெங்காயம் என்று சொல்லக்கூட வழி வைக்காமல் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

டச்சுக்காரர்களுக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். ஓரோசியாவுக்குப் போன் பண்ணினேன். பின்னால் ரொட்டி அடுப்புச் சத்தம் கேட்டது. சொல்லிக்கொண்டே போனேன், லிப்ஸ்டிக் விஷயத்துக்கு அவர் சிரித்தார். எச்சரிக்கை விஷயத்துக்கு வந்ததும் அடுப்புச் சத்தம் மட்டும்தான்.

"தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனியா?"

"ஆமா."

"உங்க வீட்டுப் படகைக் கட்டச் சொல்லிட்டு?"

"ஆமா."

வைத்துவிட்டார்.

செப்டம்பர் 4, புதன்

ரொட்டிக் கடையில் காசு வாங்கிக்கொண்டாள். மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். "பொய் சொன்னேங்கிறதுகூடப் போகட்டும். சியுதாதெல்லாக்காரங்களுக்கு எச்சரிக்கையை மதிக்கத் தெரியாதுன்னு வெளியூர்க்காரன் முன்னாடி சொல்லி வச்சிருக்கியே, அதுதான் எங்க யாருக்கும் பொறுக்கல" என்றாள்.

மதிக்கிறோமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே வந்ததும் கவனித்தேன், இன்று செருப்பைப் பார்க்காமல் நடந்திருக்கிறேன்.

செப்டம்பர் 9, திங்கள்

லாப்ஸ்டர் பருவம் முடிந்தது. பியெலோடு வலைகளை உப்புப் போக அலசிக் காய வைத்தேன். வேலை என்று வேறு எதுவும் இல்லை. டச்சுக்காரரிடமிருந்து பதில்: "படித்தோம். எங்களுக்குக் கொஞ்ச காலம் வேண்டும்."

செப்டம்பர் 16, திங்கள்

ஹூவெஸ்காவிலிருந்து ஒரு அட்டை. மாவு படிந்த விரல் தடம் ஓரத்தில்.

'பதினெட்டு நாள் கோபமாக இருந்தேன். இன்னும் இருக்கிறேன். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்களாம். 26ஆம் தேதி வருகிறேன். ஒரு கயாக் ஏற்பாடு செய்து வை.'

செப்டம்பர் 26, வியாழன்

வந்துவிட்டார். பேருந்திலிருந்து இறங்கினதும் முதலில் ஒரு ரொட்டியை என் கையில் திணித்தார், பிறகு திட்டினார். நடுத்தெருவில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "எனக்கு ரெண்டு பேரப் பிள்ளைங்க இருக்கு. உனக்கு என் மேல என்ன கோபம், கொன்னு போடப் பாத்தே?" அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் நின்று கேட்டார்கள். நானும் நின்று கேட்டேன். முடித்துவிட்டு, "சரி, பெட்டியைத் தூக்கு" என்றார்.

சாப்பிடும்போதுதான் சொன்னார். ஜூன் மாதத்திலிருந்து அவரால் லிஃப்டில் ஏற முடியவில்லையாம். நான்காவது மாடிக்குத் தினமும் படியில் ஏறுகிறார், மூட்டு வலியோடு. ரொட்டிக் கடைக் கிடங்கின் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். "அந்தக் குகைக்குள்ள ஒரு தரம் போய், ஒன்னும் ஆகாம வெளிய வந்துட்டா இது போயிடும்னு தோணுது. சனிக்கிழமை போலாம். ஞாயித்துக்கிழமை எனக்கு விமானம்."

இத்தனை நாள் நான் ஒருத்திதான் உள்ளே மாட்டிக்கொண்டு இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டிப் போகிறேன் என்றேன்.

செப்டம்பர் 28, சனி

ஏழு மணிக்கே கயாக்கைக் காரின் மேல் கட்டிவிட்டேன். வானம் சுத்தம். ஓரோசியா லைஃப் ஜாக்கெட்டைக் காப்பி குடிக்கும்போதே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏழு ஐம்பத்தைந்துக்குப் போன் அதிர்ந்தது. ரிஸ்ஸாகா. மஞ்சள்தான், ஆரஞ்சுகூட இல்லை.

பியெலிடம் படகுக்கு இன்னொரு கயிறு போடச் சொன்னேன். பிறகு வெளியே போய்க் காரிலிருந்து கயாக்கை அவிழ்த்துக் கீழே இறக்கினேன். ஓரோசியா வாசலில் வந்து நின்றார்.

"என்ன இது?"

"இன்னிக்கு வேணாம்."

"மஞ்சள்னு உன் புருஷன் சொல்றாரு. மஞ்சள்னா ஒன்னும் ஆகாதாமே. பொண்ணே, நாளைக்கு எனக்கு விமானம். இதுக்காகத்தான் வந்தேன். நான்தானே கேக்குறேன், என் உசிரு, என் பொறுப்பு."

"தெரியும். ஆனா வேணாம்."

கெஞ்சினார். பிறகு திட்டினார். முந்தாநாள் திட்டினதைவிட அதிகமாக. இந்த ஒரு மனுஷிக்கு நான் பட்டிருக்கும் கடனுக்கு அவர் கேட்பது ஒரே ஒரு காலைப் பொழுது. வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு துறைமுகத்தை நோக்கி நடந்தார். பின்னாலேயே போனேன்.

படகுத் துறையில் பியெல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். அரை மணி நேரம் கழிந்தது. பிறகு ஓரோசியா பையைத் துழாவி லிப்ஸ்டிக்கை எடுத்து, குனிந்து, துறைச் சுவரில் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தள்ளி ஒரு கோடு இழுத்தார். "பாப்போம்" என்றார். மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு அவர் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றோம். தண்ணீர் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது.

"போயிருக்கலாம்" என்றார்.

"போயிருக்கலாம்."

"அன்னிக்கு நீ இப்படி வேணாம்னு சொல்லிருந்தா நான் என்ன பண்ணிருப்பேன் தெரியுமா?"

"என்ன பண்ணிருப்பீங்க?"

"இதே மாதிரி கத்திருப்பேன். காசைத் திருப்பிக் கேட்டிருப்பேன். ஊருக்குப் போய் உன்னைப் பத்தி மோசமா எழுதிருப்பேன்." ரொட்டித் துணுக்கை மடியிலிருந்து தட்டிவிட்டார். "அப்புறம் லிஃப்ட்ல ஏறி வீட்டுக்குப் போயிருப்பேன்."

பியெல் எழுந்து அந்தப் பக்கம் போய்க் கயிற்றைச் சரி பார்த்தான், சரி பார்க்க அதில் ஒன்றுமில்லை. நான் ஓரோசியாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு மணிக்கு விமானக் கம்பெனிக்குப் போன் பண்ணி டிக்கெட்டைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றச் சொன்னார். அவர்களிடமும் கத்தினார்.

இரண்டு மணிக்கு எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரல் கீழேயே நின்றுவிட்டது. பியெல் இரண்டாவது கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி வைத்தான். வீட்டுக்குச் சாப்பிடப் போனோம்.